புளியங்குளத்தில் முந்தி விழுந்த கோல்

உதைபந்தாட்டத்தைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு யாதொரு தகுதியும் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாடசாலை நாட்களில் என்னை அணியிற் சேர்த்தவர்கள், பதினொருவர் என்ற கணக்கு நிரம்ப வேண்டுமே என்பதற்காகத்தான் சேர்த்தார்கள். நான் பட்டம் பெற்றது புவியியலில். வயிறு வளர்ப்பது அதனைக் கல்லூரியிற் படிப்பித்து. ஆயினும், எங்கோ தொலைதூரத்தில் நடைபெறும் பெரிய ஆட்டம் ஒன்றை அது நடைபெறுகின்ற வேளையிலேயே அறிந்துகொள்வதற்கு ஒரு மனிதன் என்ன பாடுபட வேண்டியிருக்கிறது என்பதைப் பற்றி எழுதலாமென்றால், அதற்குரிய தகுதி என்னிடம் நிறைய உண்டு. புளியங்குளத்திற் பிறந்த என் வயதினர் எவரிடமும் அது ஓரளவு இருக்கும்.

எங்கள் ஊரை அறியாதவர்களுக்காக ஒரு சொல். வவுனியாவிலிருந்து கண்டி வீதி வழியே யாழ்ப்பாணம் நோக்கிச் செல்பவர், ஓமந்தையைக் கடந்து, ஏறத்தாழ 25 கிலோமீற்றர் சென்றதும் ஒரு சந்தியைக் காண்பார். நெடுங்கேணிக்குப் போகும் பாதை அங்கேதான் கிளை பிரிகிறது. அதுவே புளியங்குளம். வயலும் காடும் சூழ்ந்த சிற்றூர். பேருந்தில் போகிறவர்கள் சந்தியில் நிறுத்தினால் ஒரு தேநீர் குடிப்பார்கள். நிறுத்தாவிட்டால் அந்த ஊரைக் கண்டதாகவே நினைவு வைத்திருக்க மாட்டார்கள்.

நான் சொல்லப் போகும் பாடு 2022ஆம் ஆண்டு டிசெம்பர் 18ஆம் திகதி, கட்டார் நாட்டிலே எனக்கு நேர்ந்தது. ஆனால் அதன் வேர், அதற்கு 28 ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்ற ஒரு துவிச்சக்கர வண்டியில் இருக்கிறபடியால், அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஐயா மிதித்த வண்டி

என் தந்தையாரை நாங்கள் ஐயா என்றுதான் அழைப்போம். வயல் செய்தவர். வாழ்நாளில் ஓர் உலகக் கிண்ண ஆட்டத்தையாவது முழுமையாகக் கண்டவர் அல்லர். 1986ஆம் ஆண்டு ஆர்ஜென்ரீனா கிண்ணத்தை வென்றபோது பத்திரிகையில் வந்த மரடோனாவின் படத்தைக் கத்தரித்து, சுவாமி படங்களுக்குச் சற்றுத் தள்ளி, மரியாதையான தூரத்தில் ஒட்டி வைத்திருந்தார். கட்டையான மனிதன், கறுத்த முடி, பார்த்தால் நம்மூர்ப் பெடியன் போல இருக்கிறான் என்பது அவர் சொன்ன காரணம். எங்கள் குடும்பம் ஆர்ஜென்ரீனாவின் பக்கம் சேர்ந்த வரலாறு அவ்வளவே. அரசியற் கட்சிகளிற் சேர்வதற்கு இதைவிடச் சிறந்த காரணங்களைப் பலர் வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

1990ஆம் ஆண்டு யூன் 8ஆம் திகதி இத்தாலியில் அடுத்த உலகக் கிண்ணம் தொடங்கியது. இரண்டொரு நாளில் எங்கள் நாட்டில் மீண்டும் போர் தொடங்கிற்று. வன்னிக்கு மின்சாரம் இல்லாது போயிற்று; பின்னர் பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாயிற்று. வானொலிப் பெட்டிக்குப் போடும் சிறு பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் ஒன்றாயிற்று. பற்றறி இல்லாத வானொலி ஒரு வெறும் பெட்டிதான். ஆனால் வன்னியில் எவரும் அதை வெறும் பெட்டியாக இருக்கவிடவில்லை. துவிச்சக்கர வண்டியின் விளக்குக்கென அமைந்த டைனமோவிலிருந்து இரண்டு கம்பிகளை இழுத்து, ஆடலோட்டத்தை நேரோட்டமாக்க ஒரு சிறு டயோட்டை இடையிற் பொருத்தி, வானொலியோடு இணைத்துவிடுவார்கள். வண்டியைத் தாங்கியில் நிறுத்தி ஒருவர் மிதிக்க, மற்றவர்கள் செய்தி கேட்பார்கள். மிதிப்பவர் களைத்தால் உலகமும் களைத்து மௌனமாகிவிடும்.

1994ஆம் ஆண்டு யூலையில் அமெரிக்காவின் பசடீனா நகரில் பிறேசிலும் இத்தாலியும் இறுதியாட்டத்திற் சந்தித்தன. அங்கே நண்பகல் கடந்த வேளை. எங்களுக்கோ 18ஆம் திகதி அதிகாலை ஒரு மணி. எனக்கு அப்போது பதினாறு வயது. ஆர்ஜென்ரீனா முன்னமே வெளியேறிவிட்டது; மரடோனா ஊக்கமருந்துப் பரிசோதனையில் அகப்பட்டு அனுப்பப்பட்டுவிட்டார். ஆயினும் ஐயாவுக்கு இறுதியாட்டம் வேண்டும். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குக் கொஞ்சம் தெரியும். ஆகவே அவர் மிதித்தார், நான் கேட்டுச் சொன்னேன். சிற்றலை ஒலிபரப்பு அலைபோல் எழுந்தும் விழுந்தும் வரும். கேட்டதிற் பாதியைத்தான் விளங்கிக்கொண்டேன். மீதியை நானே இட்டு நிரப்பினேன். அன்று பிறேசில் வீரர் செய்ததாக நான் அறிவித்த சில சாகசங்களை அவர்கள் செய்ததற்கு வேறு சாட்சி கிடையாது.

இரண்டு மணித்தியாலம் ஆடியும் எந்தப் பக்கமும் ஒரு கோலும் இல்லை. உலகக் கிண்ண இறுதியாட்டம் ஒன்று தண்ட உதைகளால் தீர்மானிக்கப்பட்டது அதுவே முதற்றடவை. ஐயா இடையிடையே என்னையும் தாயாரையும் மிதிக்க விட்டாலும், முக்கியமான கட்டத்தில் வேறெவரையும் நம்பவில்லை, தாமே ஏறிக்கொண்டார். இத்தாலியின் றொபேர்ட்டோ பஜ்ஜியோ கடைசி உதைக்கு நடந்து வருகிறார் என்று சொன்னேன். இதைத் தவறவிட்டால் கிண்ணம் பிறேசிலுக்கு என்றும் சொன்னேன். ஐயா முன்னே குனிந்து காதைத் தீட்டிக்கொண்டார். கூர்ந்து கேட்கும் ஆவலில் அவருடைய கால்கள் நின்றுவிட்டன.

வானொலி அணைந்தது.

அவர் பதறி மீண்டும் மிதித்தபோது பெருங்கூட்டத்தின் ஆரவாரமும், அதனிடையே 'பிறேசில்' என்ற ஒரு சொல்லுமே கேட்டன. பஜ்ஜியோ பந்தைக் கம்பத்துக்கு மேலால் அடித்த அந்தக் கணம் எங்கள் வீட்டுக்கு வந்து சேரவேயில்லை. ஐயா அதன்பின் பல ஆண்டுகள், "அந்த ஒரு உதையை நான்தானே விழுங்கிப்போட்டேன்" என்று சொல்லிச் சிரிப்பார்.

அரை மணி நேரப் பிழை

1997ஆம் ஆண்டு மே மாதம் கண்டி வீதியைத் திறப்பதற்கென 'ஜெயசிக்குறு' என்ற இராணுவ நடவடிக்கை தொடங்கியதும் புளியங்குளம் போர்முனையாயிற்று. நாங்கள் இடம்பெயர்ந்தோம். 1998இல் பிரான்ஸ் பிறேசிலை மூன்று கோல்களால் வென்ற செய்தி, கொட்டிலுக்கு மேலே கட்டக் கிடுகு தேடித் திரிந்த வேளையில், இரண்டு நாட் பிந்தி எனக்குக் கிடைத்தது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

2002ஆம் ஆண்டு போர்நிறுத்தம் வந்து பாதை திறந்தது. அப்போது வாழ்ந்தவர்கள் மாத்திரம் நம்பக்கூடிய ஒரு வேடிக்கையை இங்கே சொல்ல வேண்டும். 1996இல் நீர்மின்சாரம் குறைந்துவிட்டபடியால், மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தவென அரசாங்கம் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்தது. அவ்வாண்டு முடிவிலிருந்து 2006 சித்திரைப் புத்தாண்டு வரை இலங்கையின் நேரம் பழைய நேரத்துக்கு அரை மணி முந்தியதாக இருந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியிலோ பழைய நேரமே நீடித்தது. (சிக்கனப்படுத்துவதற்கு எங்களிடம் மின்சாரமே இருக்கவில்லை என்பது வேறு விஷயம்.) ஆகவே ஓமந்தையில் இராணுவச் சோதனைச் சாவடியில் ஒரு நேரம், சில கிலோமீற்றர் வடக்கே புளியங்குளத்தில், புலிகளின் சோதனைச் சாவடியில், அதற்கு அரை மணி பிந்திய நேரம். பதினைந்து பாகை நெடுங்கோட்டுக்கு ஒரு மணி நேரம் என்று படித்தவன் நான். எங்கள் ஊருக்கும் ஓமந்தைக்கும் இடையே ஏழரைப் பாகை நெடுங்கோடு ஒளிந்திருந்ததை எந்தப் புவியியல் நூலிலும் கண்டதில்லை.

அவ்வாண்டு யூன் 30ஆம் திகதி யப்பானின் யொக்கோஹாமாவில் பிறேசிலுக்கும் ஜேர்மனிக்கும் இறுதியாட்டம். மாலை ஐந்து மணிக்குத் தொடங்கும் என்று பத்திரிகை சொல்லிற்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு பெரிய ஆட்டத்தைக் கண்ணாற் காணப்போகும் ஆசையில், முதல் நாளே வவுனியாவுக்குப் போய் மாமா வீட்டில் தங்கினேன். மறுநாட் பிற்பகல் ஓர் அலுவலாகக் குருமன்காட்டுக்குப் போனவன், கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, நாலே முக்காலுக்கெல்லாம் திரும்பி வந்து, கால் கழுவி ஆறுதலாக உட்காரலாம் என்று உள்ளே நுழைந்தேன். வீடு நிறைய ஆட்கள். பந்து கால் மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது. என் கையிலிருந்த கடிகாரம் இன்னமும் புளியங்குளத்திலேயே இருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன். நல்ல வேளையாக முதற்பாதியில் ஒரு கோலும் விழவில்லை. றொனால்டோவின் இரண்டு கோல்களும் இரண்டாம் பாதியில், எனக்காகக் காத்திருந்தவை போல விழுந்தன.

இனிக் கட்டாருக்கு வருகிறேன்.

கடல் கடந்த ஆசிரியன்

2022இல் நாடு பட்ட பாட்டை வாசகர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, இருளில் மூழ்கிய வீடுகள். டொலர் ஒன்றுக்கு இருநூறு ரூபாவாக இருந்த பெறுமதி சில மாதங்களுக்குள் முந்நூற்றறுபதைத் தொட்டது. அவ்வாண்டு யூன் மாதத்தில், அரசாங்க ஊழியர் ஐந்தாண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறை பெற்று வெளிநாட்டில் வேலை செய்யலாமென ஒரு சுற்றுநிருபம் வெளிவந்தது. இருபது வருடம் சுண்ணக்கட்டி பிடித்த கையோடு நானும் விண்ணப்பித்தேன். ஒக்டோபர் முடிவில் டோஹாவுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒரு கட்டட ஒப்பந்த நிறுவனத்தின் களஞ்சியத்தில் எழுத்து வேலை. தலைக்கவசம், கையுறை, ஆணி, கம்பி ஆகியவற்றை எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்குவது.

கட்டாரில் வாழ்வோரில் பத்துப் பேருக்கு எட்டுப் பேருக்கு மேல் வெளிநாட்டார். அவர்களுள் பெரும்பாலார் எங்களைப்போல உழைக்க வந்தவர்கள். உலகக் கிண்ணத்துக்கென அந்நாடு எட்டு மைதானங்களை ஆயத்தம் செய்தது. ஏழு புதிதாகக் கட்டப்பட்டவை. அவற்றுள் ஒன்றைக் கப்பற் கொள்கலன்களைக் கொண்டே அமைத்து, 974 என்று பெயரிட்டிருந்தார்கள். கொள்கலன்களின் தொகையும் 974. அந்நாட்டின் தொலைபேசிக் குறியீட்டெண்ணும் 974. இந்தியா, பாக்கிஸ்தான், நேபாளம், பங்களாதேசம், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளைச் சேர்ந்த 6,500க்கு மேற்பட்ட தொழிலாளர் பத்தாண்டுகளில் கட்டாரில் இறந்தனரென ஓர் ஆங்கிலப் பத்திரிகை 2021இல் எழுதிற்று. அது எல்லாத் தொழிலையும் எல்லா வகை மரணத்தையும் சேர்த்த கணக்கு. மைதானக் கணக்கு மாத்திரம் அன்று. ஆயினும் தலைக்கவசங்களை எண்ணி அடுக்கும்போது அந்த எண் என் நினைவில் வந்து வந்து போகும்.

என் மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. பாட்டனாரின் பக்தி பேரனிடம் முழுமையாக வந்திருந்தது. சுவரில் மரடோனாவுக்குப் பதிலாக மெஸ்ஸி. ஐயா 2011இல் காலமாகிவிட்டார். இருந்திருந்தால் இருவரையும் சமாளிப்பது கடினமாயிருக்கும். நான் கட்டாருக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லாரும் கலங்கினார்கள்; இவன் மாத்திரம் துள்ளினான். "அப்பா, நீங்கள் இறுதியாட்டத்துக்கு மைதானத்துக்குப் போவீங்கள்தானே?" என்று கேட்டான். விமான நிலையத்துக்குப் புறப்படும் ஒருவன், அழுது நிற்கும் வீட்டில், சிரிக்கும் ஒரே பிள்ளையிடம் என்ன சொல்வான்? "பார்ப்போம், தம்பி" என்றேன். பதின்மூன்று வயதுக்குப் 'பார்ப்போம்' என்றால் 'போவேன்' என்பதே பொருள்.

கட்டாரிற் குடியிருப்போருக்கெனக் குறைந்த விலை நுழைவுச்சீட்டுகள் இருந்தது உண்மை. தொடக்கச் சுற்று ஆட்டங்களுக்கு 40 றியால். இறுதியாட்டத்துக்கோ, அதே கடைசி வகுப்புக்கு, 750 றியால். அந்நாட்களில் ஒரு றியால் ஏறத்தாழ நூறு ரூபா. ஊரில் ஒரு மாதம் படிப்பித்தாலும் கைக்கு வராத தொகை அது. போதாக்குறைக்கு எங்கள் நிறுவனம் முதல் மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்திருந்தது. ஆர்ஜென்ரீனா ஒவ்வொரு ஆட்டமாக வென்று முன்னேற முன்னேற, ஊரெல்லாம் மகிழ, எனக்கு மாத்திரம் நெஞ்சு கனத்தது. அரையிறுதியில் அவர்கள் தோற்றுவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன், ஐயா மன்னிப்பாராக. இதற்கிடையில் மகன் தன் வகுப்பில் எல்லாரிடமும், "எங்கட அப்பா லுசைல் மைதானத்தில் இருப்பார், தொலைக்காட்சியிற் காட்டுவார்கள்" என்று சொல்லிவிட்டதாக மனைவி அறிவித்தாள். இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொய் சொன்ன பிள்ளைகளை வகுப்பில் எழுப்பி நிறுத்திய இருபது வருட உத்தியோகம் இதற்கு ஒன்றும் உதவவில்லை.

வெள்ளைத் துணி

டிசெம்பர் 18 கட்டாரின் தேசிய தினமுமாகும். மாலை ஆறு மணிக்கு ஆட்டம். எங்கள் நாட்டில் அப்போது இரவு எட்டரை. நாங்கள் இருந்தது நகரின் தென்மேற்கே, கைத்தொழிற் பகுதியில். லுசைல் மைதானம் வடக்கே. இடையே சுமார் 30 கிலோமீற்றர். புளியங்குளத்துக்கும் வவுனியாவுக்கும் இடையிலும் ஏறத்தாழ அவ்வளவுதான். அன்று மைதானத்தில் இருந்தோர் தொகை 88,966 என்று பின்னர் அறிவித்தார்கள். தொழிலாளர் பார்ப்பதற்கென ஏசியன் ரவுண் என்ற இடத்திலுள்ள கிரிக்கெற் மைதானத்தில் பெரிய திரை அமைத்திருந்தார்கள். முகாமிலிருந்து பலர் அங்கே போய்விட்டனர். எனக்குக் களஞ்சியக் கணக்கு முடிய நேரமாயிற்று. மிஞ்சிய நாங்கள் முகாம் முற்றத்தில் இரண்டு கம்பங்களுக்கிடையே ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டி, ஒருவரின் தொலைபேசியில் இணையவழி வந்த படத்தை ஒளிவீசியால் அதிற் பாய்ச்சிப் பார்த்தோம்.

கூட்டத்திற் பெரும்பகுதி ஆர்ஜென்ரீனாவின் பக்கம். மலையாளிகளும் வங்காளிகளும் அந்நாட்டை நேசிப்பது அந்நாட்டாருக்கே வியப்பளிப்பது. அந்த நவம்பரில் கோழிக்கோட்டுக்கு அண்மையில் புல்லாவூர் என்னும் ஊரில் ஆற்றின் நடுவே மெஸ்ஸியின் பேருருவை நட்டு வைத்த செய்தி உலகெல்லாம் பரவியது. அப்பகுதியிலிருந்து வந்த ஒரு கொத்தனார் என் பக்கத்தில் அமர்ந்திருந்தார். லுசைலிலேயே வேலை செய்தவர். திரையில் மைதானத்தைக் காட்டும்போதெல்லாம், "அந்தப் படிக்கட்டு, அங்கேதான் நான்" என்று எல்லாருக்கும் சுட்டிக் காட்டினார்.

மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஊரில் அப்போது நாள்தோறும் இரண்டு மணிக்கு மேல் மின்வெட்டு. ஆனால் அன்றிரவு எங்கள் வீட்டில் வெளிச்சம் இருந்தது. அயலவர்களும் வந்து கூடியிருந்தார்கள். "சத்தம் கேட்குது அப்பா! நல்லாக் கேட்குது!" என்றான். முகாம் முற்றத்தின் கூச்சலை அவன் லுசைலின் கூச்சலென்று எடுத்துக்கொண்டான். நான் திருத்தவில்லை.

இருபத்து மூன்றாவது நிமிடம். வெள்ளைத் துணியில் டி மரியா பந்தோடு ஓடிக்கொண்டிருக்கிறார், தொலைபேசியில் மகன், "மெஸ்ஸி! தண்ட உதை! கோல் அப்பா, கோல்!" என்று அலறுகிறான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னர்தான் துணியில் டி மரியா விழுந்தார், மத்தியஸ்தர் ஊதினார், மெஸ்ஸி அடித்தார், முற்றம் எழுந்து ஆடிற்று. "ஓமோம், கண்டேன்" என்றேன். முப்பத்தாறாவது நிமிடத்தில் டி மரியா அடித்த அழகான இரண்டாவது கோலையும் நான் முதலில் புளியங்குளத்திலிருந்துதான் கேட்டேன்.

இதன் சூத்திரம் எளிது. ஊரில் வீட்டுக் கூரையிலுள்ள தட்டுக்குப் படம் செய்மதி வழியே வருகிறது. அச்செய்மதி பூமத்திய ரேகைக்கு மேல் சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்பது. அங்கே ஏறி இறங்கக் கால் விநாடி போதும். படத்தைச் சுருக்கி விரிக்க இன்னும் சில விநாடி. இணையத்திலோ படத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் சேமித்து, பின்னர் அனுப்புவார்கள். அதனால் அரை நிமிடம், சிலவேளை அதற்கு மேலும் பிந்திவிடும். கடலுக்கு அப்பால் இருப்பவனுக்குத் தெரிந்தது அடுத்த தெருவில் இருப்பவனுக்குத் தெரியாமற் போகலாம். இதை நான் பின்னர் படித்து அறிந்தேன். என் மகன் அவ்விடத்திலேயே கண்டுகொண்டான்.

இடைவேளையின்போது அவன் குரல் மாறியிருந்தது. "அப்பா, உங்கட பக்கம் சத்தம் பிந்தித்தான் கேட்குது. நான் கத்தி முடிஞ்ச பிறகுதான் அங்க கத்துறாங்கள்."

நான் பேசவில்லை.

"மைதானத்தில இருந்தா உங்களுக்கல்லவா முந்தித் தெரிய வேணும்?"

புவியியல் ஆசிரியனின் மகன். நேர வேறுபாட்டைக் கொண்டு இடத்தைக் கணிக்க நானே படிப்பித்தேன். "தம்பி, நான் மைதானத்தில் இல்லை. முகாமில் இருக்கிறேன். சீட்டு வாங்கக் காசு இருக்கவில்லை" என்றேன். சற்று நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பின்பு, "நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்" என்றான். அவ்வளவுதான். தொடர்பு அறுந்தது. மறுபடி எடுத்தேன், எடுக்கவில்லை.

இரண்டாம் பாதியை நான் எவ்வாறு பார்த்தேன் என்பது எனக்கே தெரியாது. 80ஆவது நிமிடத்தில் எம்பாப்பே தண்ட உதையால் ஒரு கோல், மறு நிமிடமே இன்னொன்று. முற்றத்தில் ஆபிரிக்கத் தோழர்கள் துள்ளினர். மலையாளிகள் தலையிற் கை வைத்தனர். மேலதிக நேரத்தில் மெஸ்ஸி மீண்டும் ஒன்று. எம்பாப்பே மீண்டும் ஒன்று. மூன்றுக்கு மூன்று. கடைசிக் கணத்தில் பிரான்ஸின் கோலோ முவானி தனியே வந்து அடித்த பந்தை ஆர்ஜென்ரீனாவின் கோல் காப்பாளர் மார்ட்டினஸ் காலை நீட்டித் தடுத்தார். உலகக் கிண்ணத்தின் மிகச் சிறந்த இறுதியாட்டம் என்று பலரும் இன்று சொல்கிறார்கள். இருக்கலாம். நான் தொலைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலதிக நேரம் முடிந்தது. ஊரில் இரவு பதினொரு மணி கடந்துவிட்டது. தொலைபேசி அடித்தது.

"அப்பா, சமநிலை தவிர்ப்பு உதை தொடங்கப் போகுது" என்றான். மூக்கடைத்த குரல். "நான் முந்திச் சொல்லட்டா, இல்லாட்டி நீங்கள் பார்க்குமட்டும் பொறுக்கட்டா?"

ஐயா மிதித்த வண்டி என் கண்முன் வந்தது. "நீ சொல்லு தம்பி" என்றேன். துணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அவன் சொன்னான். எம்பாப்பே போட்டுவிட்டார். மெஸ்ஸி ஆறுதலாக உருட்டிவிட்டார். காப்பாளர் மற்றப் பக்கம் பாய்ந்துவிட்டார். கோமனின் உதையை மார்ட்டினஸ் தடுத்துவிட்டார். டிபாலா போட்டார். சுவாமெனி வெளியே அடித்தார். பரேடெஸ் போட்டார். கோலோ முவானியும் போட்டார். ஒவ்வொன்றையும் அவன் சொல்லி முடித்துச் சற்றுப் பொறுத்த பின்னரே என் முதுகுக்குப் பின்னால் முற்றம் ஆரவாரித்தது. "இப்ப மொன்ரியெல் வாறார் அப்பா. இதைப் போட்டால் முடிஞ்சுது" என்றான். அவன் மூச்சு எனக்குக் கேட்டது. பின்பு அவன் குரல், மனைவியின் குரல், தாயாரின் குரல், அயலவர் எல்லாருடைய குரலும் ஒன்றாக வந்து என் காதை அடைத்தன.

திரும்பிப் பார்த்தேன். முற்றத்தில் ஒரு சத்தமும் இல்லை. கொத்தனார் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தவர், என் முகத்தைக் கண்டு கையைப் பற்றி, "என்ன, என்ன?" என்றார். ஒன்றுமில்லையென்று தலையசைத்தேன். வெள்ளைத் துணியில் மொன்ரியெல் அப்போதுதான் நடுக்கோட்டிலிருந்து நடக்கத் தொடங்கியிருந்தார்.

"இப்பவா அப்பா? கண்டீங்களா?" என்று மகன் கேட்டான்.

"இன்னும் இல்லை, தம்பி" என்றேன்.